மாணாக்கர் வரையும் வெள்ளப் படம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியரொருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இக்கூட்டத்திற் கல்வியைக் குறித்துச் சில சொல்லுமாறு நம் செயலாளரவர்கள் பணித்தார்கள். தமிழாசிரியனாதலின், யான் ஏதேனுமொரு நூல்நயத்தை எடுத்து விரிப்பேனென்று பலர் எதிர்பார்த்திருத்தல் கூடும். இன்று யான் மேற்கொண்ட பொருள் அதனின் வேறானது. கடலோரத்தில் நேரும் பேரிடர்களின் விளைவை நம் பிள்ளைகள் தாமே படமாக வரைந்து ஆராய்தல் என்பதே அப்பொருள். 'கரிசற் காட்டிலுள்ள கோவில்பட்டிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு? நம் பிள்ளைகள் தேர்வுக்குப் படிப்பதை விட்டுப் படம் வரைவானேன்?' என்று உங்களுள் யாரேனும் வினவலாம். அவ்விரண்டு வினாக்களுக்கும் விடை கூறுதலே என் நோக்கம்.

கடலும் கரிசலும்

தமிழர்க்குக் கடலிடர் புதிதன்று. 'கடல்கோள்' என்று அதற்கொரு பெயரே நம் பழைய மொழியில் வழங்குகின்றது. கபாடபுரத்தைக் கடல் கொண்ட செய்தியை இறையனார் களவியலுரை கூறுகின்றது. அவ்வளவு பழங்காலத்திற்குச் செல்லவேண்டுவதில்லை. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி நகரம் அழிந்ததனையும், பாம்பனினின்று சென்ற இரயில் வண்டி பயணிகளோடு அலைவாய்ப்பட்டதனையும் கண்டோரும் கேட்டோரும் இன்னும் நம்மிடையே உளர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் இறந்தோர் 6,000-க்கு மேற்பட்டவர். தூத்துக்குடிக் கடற்கரையில் உயிர்ச்சேதம் மிகக் குறைவு. இலங்கைத் தீவு இடையே நின்று அலையின் வேகத்தை மறைத்தமையே அதற்குப் பெருங்காரணம். ஆதலின் நம்மவர் பலர், கடலிடரென்பது நாகைக்கும் குளச்சலுக்கும் உரியது, நமக்குரியதன்று என்று மனவமைதி கொண்டிருந்தனர்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18-ஆம் நாட்கள் அவ்வமைதியைக் குலைத்தன. அப்பொழுது 24 மணி நேரத்திற்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பொழிந்தது. நம் கோவில்பட்டியிலேயே ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரு நாளிற் கொட்டிய மழை, நம் மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையினும் மிகுதி. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, இருப்புப்பாதை அரிக்கப்பட்டமையால் ஸ்ரீவைகுண்ட நிலையத்தில் நிறுத்தப்பட்டது; அதிலிருந்த 800 பேரளவினர் வழியின்றித் திகைத்தனர். அப்பொழுது அயற் சிற்றூரார் தம் வீட்டு அரிசியையும் பருப்பையும் கொணர்ந்து உலையேற்றி அவர்கட்கு உணவளித்த செய்தியை நீங்கள் அறிவீர்கள்.

இவ்வெள்ளம் கடலினின்று கரைக்கு ஏறி வந்ததன்று. நிலத்தினின்று கடலை நோக்கி இறங்கிச் சென்றது. நம் கரிசல் மண்ணின் இயல்பைக் கருதிப் பாருங்கள். கோடையில் அது கைந்நுழையுமளவு வெடித்துக் கிடக்கின்றது. முதல் மழை அவ்வெடிப்பு வழியாக உள்ளே இறங்குகின்றது. மண் நனைந்து உப்பிய பின்னர் வெடிப்புக்கள் மூடிக்கொள்ளுகின்றன. அப்பால் விழும் நீர் உட்செல்ல வழியின்றி மேலே ஓடுகின்றது. அங்ஙனம் ஓடும் நீர் கண்மாய்களை நிறைத்து, மறுகால் பாய்ந்து, ஓடைகளாகத் திரண்டு, கிழக்கு நோக்கிச் செல்கின்றது. சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்து நீர் வைப்பாற்றின் வழியாகக் கடல் சேரும். இடைப்பட்ட பகுதியின் நீர் கல்லாற்றின் வழியாகச் செல்லும். கயத்தாறு, கடம்பூர்ப் பக்கத்து நீர் உப்பாற்றோடை வழியாகக் கோரம்பள்ளம் குளத்தை அடைந்து, தூத்துக்குடி நகரை ஒட்டிக் கடலில் விழும். அக்குளம் 2023-இல் உடைப்பெடுத்தது. தூத்துக்குடித் தெருக்களிற் பன்னாள் தேங்கி நின்ற நீரில் ஒரு பங்கு நம் கரிசற் காட்டுப் புஞ்சைகளில் விழுந்த நீரேயாகும்.

நம் சங்கத்தாரிற் பலர்க்குத் தூத்துக்குடியில் கடையுண்டு. பெண் கொடுத்த வீடுண்டு. உப்பளத்திற் கூலி வேலை செய்யும் உறவினருண்டு. இங்கே ஓர் ஓடையை ஒருவர் அடைப்பின் அங்கே மற்றொருவர் வீட்டில் நீர் புகுகின்றது. இவ்வுண்மையை வாயாற் கூறின் மறந்துவிடுவோம். படத்திற் கண்டால் மறவோம். ஆகவேதான் படம் வேண்டுமென்கின்றேன்.

படம் செய்யும் பணி

பத்திரிகை ஓரிடரின் அளவைக் கூறும். படமோ அது நேர்ந்த இடத்தைக் காட்டும். இத்தனை வீடுகள் இடிந்தன என்னுந் தொகை நம்மை வருந்தச் செய்யும். எவ்வெவ்வீடு இடிந்தது, அதன் அருகே நின்ற எவ்வீடு இடியாது தப்பியது என்று காட்டும் படமோ, 'ஏன்?' என்று கேட்கச் செய்யும். அவ்வாறு கேட்டலே ஆராய்ச்சியின் பிறப்பிடம்.

இதற்கு நம் நாட்டு நிகழ்ச்சியொன்றைச் சான்றாகக் கூறுவேன். ஆழிப்பேரலைக்குப் பின்னர், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடலுயிரியல் அறிஞர் இருவர், அக்கடற்கரையிலுள்ள 18 சிற்றூர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வோரூரும் கடலினின்று எவ்வளவு தொலைவிலுள்ளது, எவ்வளவு மேடானது, முன்னே எத்தகைய மரஞ்செடிகள் நின்றன என்பவற்றை, அங்கு நேர்ந்த இழப்போடு ஒப்பிட்டு 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அலையாத்திக் காடு முதலிய அடர்ந்த மரங்கள் நின்றவிடத்து இழப்புக் குறைந்ததென்பது அவர்கள் கண்ட முடிபு. அடுத்த ஆண்டிலேயே வேறு அறிஞர் சிலர் அதே கணக்கை மறுபடி ஆராய்ந்து, மேடும் தொலைவுமே ஊர்களைக் காத்தன, மரங்கள் அத்தகைய இடங்களில் மிகுதியாக நின்றமையால் அவை காத்தனபோலத் தோன்றின என்று மறுத்தெழுதினர். இவ்வழக்கில் யாவர் வென்றனர் என்பதனைக் கூற யான் முற்படேன். ஊர்தோறும் சென்று அளந்து குறித்த செய்திகள் இருந்தமையால், ஒரு சாரார் கூற்றை மற்றொரு சாரார் சோதித்தல் இயன்றது என்பதே நாம் கொள்ளத்தக்கது. குறிப்பில்லாதவிடத்து உரத்துப் பேசுவோன் சொல்லே நிற்கும்.

2015-ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தில், நகர மக்கள் தம் தெருவில் நீர் நிற்றலைப் பொதுப் படமொன்றில் தாமே குறித்தனர். ஆயிரக்கணக்கான தெருக்கள் அங்ஙனம் குறிக்கப்பெற்றன. எவ்வழி போகலாம், எவ்வழி போகலாகாது என்பது அதனால் விளங்கிற்று. அதற்கு வேண்டியிருந்தன கைபேசியும், தன் தெருவைத் தானறிந்த அறிவுமே. இவ்விரண்டும் இன்று நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடத்தும் உள்ளன.

ஜப்பானியப் பள்ளிகள் இரண்டு

படம் வரைதலால் உயிர் பிழைத்தலுங் கூடுமோவெனின், கூடும். 2011-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் ஜப்பானில் பெருநிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நேர்ந்தன. கமைஷி என்னும் துறைமுக நகரில், கட்டாடா என்னும் பேராசிரியர் சில ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகட்குப் பயிற்சியளித்து வந்தார். பிள்ளைகள் தம் வீட்டினின்று பள்ளிக்கு வரும் வழியைத் தாமே வரைந்து, அலை வருமாயின் எங்கே ஓடி ஏறுவது என்று அதிற் குறித்துவைத்திருந்தனர். அங்கே உனொசுமை என்னும் பகுதியிலிருந்த பள்ளி, அரசாங்கம் வெளியிட்ட அபாயப் படத்தின்படி அலை எட்டாத இடத்திலிருந்தது. ஆயினும், அப்படத்தை நம்பி வாளாவிருத்தலாகாது என்று பேராசிரியர் முன்னரே அறிவுறுத்தியிருந்தார். நிலம் அதிர்ந்தவுடன் நடுநிலைப் பள்ளி மாணாக்கர் வெளியே ஓடினர்; அவர்களைக் கண்டு தொடக்கப் பள்ளிச் சிறுவரும் ஓடினர்; பெரியவர் சிறியவர் கையைப் பிடித்துக்கொண்டனர். குறித்த இடத்தை அடைந்த பின்னும், அது போதாதென்று கண்டு இன்னும் மேலே ஏறினர். அவர்கள் விட்டுவந்த பள்ளியை அலை மூடிற்று. அந்நகரிலிருந்த ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகளுள் மிகச் சிலரொழிய அனைவரும் பிழைத்தனர்.

அதே நாளில், இஷினொமாகி நகரைச் சார்ந்த ஒகாவா தொடக்கப் பள்ளியில் நிகழ்ந்ததை ஆசிரியனாகிய யான் மனங்கலங்காமற் கூறவியலாது. அப்பள்ளி கடலினின்று ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உள்ளே ஆற்றங்கரையிலிருந்தது. அதுவும் அபாயப் படத்தின்படி அலை எட்டாத இடமே. நிலநடுக்கத்திற்குப் பின்னர் ஏறக்குறைய 50 நிமிடம் அவகாசம் இருந்தது. பள்ளியின் பின்புறத்திற் குன்றும் இருந்தது. எங்கே செல்வதென்று துணியாது பிள்ளைகள் முற்றத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தனர். அலை ஆற்றின் வழியாக ஏறி வந்தது. 108 மாணாக்கருள் 74 பேரும், ஆசிரியர் முதலியோர் 10 பேரும் மாண்டனர்.

இரண்டு பள்ளிகளையும் ஒருங்கு வைத்து எண்ணுங்கள். இரண்டிடத்தும் அரசாங்கப் படம் இருந்தது; இரண்டிடத்தும் அது பிழைபட்டது. ஓரிடத்துப் பிள்ளைகள் தம் கையாற் படம் வரைந்து பழகியிருந்தமையால், படமென்பது மனிதர் செய்தது, அதிலும் தவறு நேரும் என்பதனை அறிந்திருந்தனர். பிறர் வரைந்த படத்தைப் பார்ப்பவன் நம்புகின்றான். தானே வரைந்தவன் ஐயுறவும் கற்றுக்கொள்ளுகின்றான். தேர்வுக்குப் படிப்பதை விட்டுப் படம் வரைவானேன் என்னும் வினாவிற்கு இதுவே என் விடை.

முதல், கரு, உரி

இனி, நம் பிள்ளைகள் எவ்வாறு வரைதல் வேண்டுமென்பதனைக் கூறுவேன். இதற்குத் தொல்காப்பியர் வகுத்த முறையே சாலும். அவர் நிலத்தை நோக்குங்கால் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்தனர். கவி பாடுவார்க்கு வகுத்த அம்முறை வெள்ளப் படம் வரைவார்க்கும் பொருந்துகின்றது.

முதற்பொருளாவன நிலமும் பொழுதும். எது மேடு, எது பள்ளம், ஓடை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, எந்நாளில் எம்மணியளவில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பன. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள கிராம வரைபடமும் புலப்படங்களும் இதற்கு உதவும். வண்டல் படிந்த கோடு சுவரில் இருக்குமாயின், தரையினின்று அதன் உயரத்தை நாடாவால் அளந்து குறித்தல் வேண்டும். வெள்ளையடித்த பின்னர் அக்கோடு மறைந்துவிடுமாதலின் இதிற் காலந்தாழ்த்தலாகாது.

கருப்பொருளாவன அந்நிலத்திலுள்ளவை: கண்மாய், மடை, மறுகால், பாலம், கோயில், பள்ளி, கிணறு, மின்கம்பம், வீடு, தொழுவம், பயிர் என்பன. ஊர்ப்பெயர்களையும் தெருப்பெயர்களையும் இவற்றோடு சேர்த்துக்கொள்க. ஓர் இடம் 'ஏந்தல்' என்று பெயர் பெற்றிருப்பின், அது நீரை ஏந்திய இடமென்பது வெளிப்படை. ஓடைத்தெரு என்னும் பெயர், ஓடை மறைந்த பின்னும் அவ்வுண்மையைச் சொல்லிக்கொண்டே நிற்கின்றது. நம் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி செய்த இடைசெவல் கி. ராஜநாராயணனவர்கள் காட்டிய வழி நமக்கு முன்னே உள்ளது. பாட்டிமார் வாயில் வழங்கும் ஓடைப் பெயரொவ்வொன்றும் ஒரு சாசனம்.

உரிப்பொருளாவது மக்கள் ஒழுக்கம். நீர் ஏறியபொழுது யார் எங்கே சென்றனர்? யார் யாரைத் தூக்கிச் சென்றனர்? எக்கூடம் திறந்தது, எக்கூடம் பூட்டியிருந்தது? உதவி எத்தெருவிற்கு முதலில் வந்தது, எத்தெருவிற்கு மூன்றாம் நாள் வந்தது? இவையும் படத்தில் ஏறுதல் வேண்டும். இதனை விட்டால் அப்படம் உயிரற்ற உடம்பாகும்.

இங்கே நம் சங்கத்தார்க்கு ஒன்று கூற விரும்புகின்றேன். பிள்ளைகள் நம் தெருவை மட்டும் வரைந்துவிட்டு வருதலாகாது. ஊர்க்கோடியிலுள்ள குடியிருப்பையும், காலனியையும், ஓடைக்கரைக் குடிசைகளையும் வீடுவீடாக வரைதல் வேண்டும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கு உதவி சென்று சேரவில்லையென்று பலவிடங்களினின்றும் முறையீடுகள் எழுந்தன. படத்தில் இல்லாத வீட்டிற்குச் சோற்றுப் பொட்டலம் போய்ச் சேராது. வெள்ளம் சாதி பார்த்து நுழைவதில்லை. அதனை வரையும் பேனாவும் சாதி பார்த்தலாகாது.

ஓடையில் நின்ற சுவர்

சென்ற கோடை விடுமுறையில் என் மாணாக்கர் பன்னிருவர், தம் ஊர்ப்புறத்து ஓடையொன்றைக் கண்மாயின் மறுகாலினின்று தொடங்கி, நான்கு நாட்கள் நடந்து வரைந்தனர். ஓடையில் நீரில்லாத சித்திரை மாதத்தையே அதற்குத் தேர்ந்துகொண்டோம். மழைக்காலத்திற் பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துச் செல்லுதல் எவ்வாற்றானுங் கூடாது. அவர்கள் 2023-இல் நீர் ஏறிய வீடுகளைக் கேட்டறிந்து நீல வண்ணமிட்டனர். படம் முடிந்தபொழுது ஒன்று கண்ணைப் பறித்தது. ஓரிடத்திற்கு மேற்கே நீலம் இருபுறமும் பரந்திருந்தது. கிழக்கே ஓடை குறுகிக் கிடந்தது. அவ்விடத்தில், ஓடையின் பாதியை அடைத்து ஒரு கிட்டங்கியின் சுற்றுச்சுவர் நின்றது. நீலமிட்ட வீடுகளிலொன்றில் முதியவளொருத்தி தன் மூன்று வெள்ளாடுகளை இழந்தவள். பிள்ளைகளிடம் தொழுவத்தைக் காட்டி, நீர் மேற்கினின்று வரவில்லை, திரும்பி வந்ததென்று அவள் கூறியிருந்தாள். அவள் கூறியதன் பொருள் படம் வரைந்த பின்னரே விளங்கிற்று.

அச்சுவர் நமக்கு வேண்டியவரொருவருடையது. அவர் பெயரை இங்கு யான் கூறேன். அவர்பால் அன்புடைய பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, 'வாத்தியாரய்யா, படம் நன்றாயிருக்கிறது. அந்தச் சுவரை மட்டும் எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் மாட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் போட்ட படந்தானே' என்றார்.

பெரியோர்களே, அச்சுவரைப் படத்தினின்று எடுத்தல் எளிது. ஒரு ரப்பர்த் துண்டு போதும். ஆனால் பன்னிரண்டு பிள்ளைகள் தம் கண்ணாற் கண்டு, தம் காலால் நடந்து, தம் கையால் அளந்து வரைந்ததை, ஆசிரியனாகிய யான் அவர்கள் முன்னிலையில் அழிப்பின், அவர்கள் கற்கும் பாடம் யாது? உண்மையென்பது வேண்டியவர்க்கு ஒன்று, வேண்டாதவர்க்கு ஒன்று என்பதன்றோ? அடுத்த மழையில் அந்நீர் மீண்டும் ஏறுங்கால், அப்பிள்ளைகள் நம் எல்லாரையும் எங்ஙனம் நோக்குவர்? ஆதலின் அப்படம் சுவரோடுகூடவே மாட்டப்பட்டிருக்கின்றது.

அச்சுவருக்குரியவர்மேல் எனக்கு யாதொரு பகையுமில்லை. அவர் வாங்கிய காலத்தில் அந்நிலம் காய்ந்து கிடந்த மேய்ச்சற் காடு. பத்தாண்டு மழை பொய்த்தால் ஓடையும் தரிசும் ஒன்றுபோலவே தோன்றும். நம் கரிசற் காட்டில் நேரும் ஆக்கிரமிப்புக்களிற் பல, பேராசையினாலன்றி மறதியினாலே நேர்ந்தன. அம்மறதிக்கு மருந்தாகவே படத்தைக் கூறுகின்றேன். அதனைக் காண்போர் குற்றப்பத்திரிகையாக எண்ணாது, குடும்ப வைத்தியர் எழுதிய சீட்டாக எண்ணுவாராக.

சங்கத்தார்க்கு விண்ணப்பம்

ஆகவே நம் சங்கத்தின்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, நம் ஆதரவிலுள்ள பள்ளிகளிலும் விடுதியிலும் எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர், ஆண்டுக்கோர் ஓடையை எடுத்து, அது கடலைச் சேருமளவும் பகுதி பகுதியாக வரையச் செய்க. நம் பிள்ளைகள் மேற்பகுதியை வரைய, தூத்துக்குடியிலுள்ள நம் உறவினர் பிள்ளைகள் கீழ்ப்பகுதியை வரைவாராயின், கரிசலும் கடலும் ஒரே தாளிற் பொருந்தும். இரண்டாவது, 2023-இல் நீர் ஏறிய உயரத்தை, ஊருக்கு ஓரிடத்தேனும் கல்லிற் பொறித்து நிறுத்துக. ஜப்பானியர் தம் முன்னோர் நாட்டிய அத்தகைய கற்களை 2019 முதல் தம் அரசாங்கப் படங்களில் தனிக் குறியிட்டுக் காட்டிவருகின்றனர். மூன்றாவது, வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பழைய பத்திரங்களிலும் நிழற்படங்களிலும் ஓடைகளைப் பற்றிய குறிப்பிருப்பின், பிள்ளைகள் படியெடுத்துக்கொள்ள இடங்கொடுங்கள். நான்காவது, முடிந்த படத்தின் ஒவ்வொரு படியை ஊராட்சி அலுவலகத்திற்கும் வட்டாட்சியர்க்கும் நூலகத்திற்கும் அளியுங்கள். அளிக்குமுன் அதில் எதனையும் அழியாதீர்கள்.

இவற்றிற்குப் பெருஞ்செலவில்லை. அளவு நாடாவும், வரைதாளும், வண்ணப் பென்சிலும், ஒன்றிரண்டு கைபேசியும், உடன் நடக்கும் ஆசிரியர் ஒருவரும் போதும். 1802-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பரங்கிமலையில் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் நிலவளவையைத் தொடங்கினார்; அதுவே இமயமளவும் சென்ற பேரளவை. வேற்று நாட்டார் நம் நிலத்தை அளந்ததற்குத் தம் ஆட்சியை நிலைநாட்டுதலும் ஒரு காரணம். நம் பிள்ளைகள் அளப்பது தம் சுற்றத்தாரையும் அயலாரையும் காத்தற்பொருட்டு.

தாய்மார்களே! பொருட்காட்சிக்காக அன்றி, உண்மை காண்பதற்காக உங்கள் பிள்ளைகள் வெயிலில் நடந்து வீடு திரும்புவாராயின், அவர்களைக் கடியாதீர்கள். அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு நீங்களறிந்தவற்றைக் கூறுங்கள். நீர் எங்கே நின்றது, எவ்வழியாகப் போயிற்று, எம்முற்றம் மேடாயிருந்தது என்பவற்றை உங்களினும் நன்கு அறிந்தார் இலர்.

பெரியோர்களே! மழை மீண்டும் வரும். கரிசலில் வாழும் நாம் அது வரவேண்டுமென்றே வானத்தை நோக்கியிருக்கின்றோம். அது வருங்கால் நம் கண்மாயை நிறைத்து, ஓடையில் நேரே ஓடி, ஒருவர் வீட்டிலும் புகாது கடலை அடைதற்கு வேண்டிய அறிவை நம் பிள்ளைகட்கு அளித்தல் நம் கடமை. அவர்கள் வரைந்ததை அழியாது காத்தல் அதனினும் பெரிய கடமை.

நம் சங்கம் ஓங்குக! மாணாக்கர் உலகம் வாழ்க!